கேத்தல் கல்லில் மாமியும் நானும்

மரியாதையாகப் பேசுவதெல்லாம் கால் காய்ந்த தரையில் இருக்கும்வரைதான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திருகோணமலைக் கடலில் ஒரு பாறையின் மேல், எனக்கு மாமியாராக வரவிருந்தவரின் பக்கத்தில், இடுப்புவரை நனைந்து நின்றபோது தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கும் கணேசுக்கும் பரிசம் போட்டு முடிந்திருந்தது. நான் பலாங்கொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணேஷ் வீட்டார் கரவனெல்லைக்குக் கிட்ட ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். அவருடைய அம்மா வாழ்நாள் முழுக்க ரப்பர்ப் பால் வெட்டி, கணவர் போன பிறகு தனியாளாக மகனைப் படிக்கவைத்தவர். அதிகம் பேசமாட்டார். பேசாதவர்களைக் கண்டால் எனக்கு உதறல். அதனால் அவரிடம் மட்டும் பாடப்புத்தகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன்.

"மாமி, தேநீர் அருந்துகிறீர்களா?"

(இதைக் கேட்டுவிட்டு எங்கள் அம்மா அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரிப்பார்.)

மாமி மட்டும் சிரிக்காமல், "குடுங்க டீச்சர்" என்பார். வீட்டுக்கு வரப்போகிற மருமகளை அவரும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஏதோ இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் மாதிரியே பழகினோம்.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் வேன் பிடித்துக் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டு முடிந்ததும், இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கடலைக் கரையிலிருந்தா பார்ப்பது என்று கணேஷ் ஒரு போட் பேசினார். குடாவைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கேத்தல் கல் என்ற பாறைக்கும் கொண்டுபோவார்களாம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி ஏற்றினார்கள்.

கேத்தல் கல் உண்மையிலேயே தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைக்கும் கேத்தல்தான். உருண்ட வயிறு, ஒரு பக்கம் நீண்ட மூக்கு, உச்சியில் மூடிக்குமிழ் போல ஒரு சின்னக் கல். அலை அடியில் புகுந்தால் மூக்கு வழியாகத் தண்ணீர் பீய்ச்சியது. தேயிலைக்காட்டுக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும். எங்கள் அப்பா நிதானமாகப் பார்த்துவிட்டு, "வெறுந்தண்ணியா ஊத்துது. சாயத்தக் காணோம்" என்றார்.

"பின்பக்கம் தட்டையா இருக்கு. கடல் இப்ப அமைதி. ஆராவது இறங்கிப் பாக்கிறதெண்டா பாக்கலாம், கொஞ்ச நேரந்தான்" என்றார் படகுக்காரர்.

யாரும் அசையவில்லை. கணேஷ் போட்டின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டு, காலையில் சாப்பிட்ட இடியப்பத்தைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் எறங்குறேன்" என்றார் மாமி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நல்ல பெயர் வாங்க இதைவிடச் சந்தர்ப்பம் வராது என்று என் மூளை சொன்னது. (அந்த மூளையை இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை.) "நானும் வருகிறேன் மாமி. என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

இறங்கியது சுலபமாக இருந்தது. மாமி விறுவிறுவென்று பாறையைச் சுற்றி மூக்குப் பக்கம் போனார். தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடித்ததும் சிரித்தார். அவர் சிரித்து நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்தில் போனில் படம் எடுத்தேன், இன்னும் எடுத்தேன், இந்தப் பக்கம் திரும்புங்கள் என்று மறுபடியும் எடுத்தேன். காற்று மாறியதைக் கவனிக்கவில்லை.

திரும்பி வந்தால் இறங்கிய இடத்தில் போட் இல்லை. கொஞ்சம் தள்ளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அனே, போட் போகுது" என்றார் மாமி. (கரவனெல்லைக்காரர்களுக்குப் பயம் வந்தால் ஐயோவுக்குக்கூடச் சிங்களம்தான் முந்திக்கொண்டு வரும்.)

போட் எங்கேயும் போகவில்லை. அலை எழும்பிவிட்டது, கிட்ட நின்றால் பாறையில் மோதி உடையும் என்று படகுக்காரர் பின்வாங்கியிருந்தார். நாங்கள் நடந்து போன தட்டைக் கல்லின் மேல் இப்போது தண்ணீர் வந்து போனது.

"கிட்டக் கொண்டுவாறன். நான் சொன்ன உடன பாயுங்கோ. நிண்டு யோசிக்கப்படாது" என்று கத்தினார் படகுக்காரர்.

"பாயி எதுக்குக் கேக்குறாரு?" என்றார் மாமி.

"குதிக்கச் சொல்கிறார் மாமி."

மாமியின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. போட் வந்தது. "பாயுங்கோ" என்றார் படகுக்காரர். இருவரும் மரம் மாதிரி நின்றோம். போட் விலகியது. இடையில் கருநீலமாக ஒரு பள்ளம் திறந்து மூடியது. எனக்கு நீச்சல் தெரியாது. மாமி குளிப்பதே தோட்டத்துப் பீலியில் ஒழுகும் தண்ணீரில்தான்.

இரண்டாவது தடவை போட் வந்தபோது ஓர் அலை எங்கள் இடுப்புவரை ஏறி, மாமியின் செருப்பைக் கொண்டுபோனது. கணேஷ் வாந்தியை மறந்து, "அம்மா, குதிங்கம்மா" என்று கெஞ்சினார். மாமி என் கையை விட்டுவிட்டு, கேத்தலின் வயிற்றோடு முதுகைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போங்க டீச்சர். நான் இங்கனயே இருக்கேன். காத்து அடங்குனதும் போட்டக் கொண்டாங்க."

"மாமி, தயவுசெய்து எழுந்திருங்கள்" என்றேன். அந்த நிலைமையிலும் எனக்குப் பாடப்புத்தகம்.

மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் தூரத்தில் அது தெரிந்தது. மற்ற அலைகளைவிட உயரமாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. படகுக்காரரும் பார்த்துவிட்டார். அவர் குரல் மாறியது. "இதுதான் கடைசி. கெதியா" என்று அவசரப்படுத்தினார். போட் பாறைக்கு நேராகத் திரும்பியது.

படித்த தமிழெல்லாம் கடலோடு போய்விட்டது. தோட்டத்து லய வீடுகளில் தண்ணீர்க் குழாயடிச் சண்டைகளில் கேட்டு வளர்ந்த குரல் ஒன்று என் வாயிலிருந்து வந்தது.

"ஏய் கெழவி, எந்திரிடி. எந்திரிச்சுக் குதிடி."

மாமி கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். எழுந்தார், முந்தானையை இடுப்பில் செருகினார், குதித்தார். நேராக மகன் மேல் விழுந்தார்.

இப்போது என் முறை. கால் வரவில்லை. கத்தியதிலேயே என் தைரியமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. போட்டிலிருந்து மாமியின் குரல் கேட்டது, எனக்குக் குறையாத சத்தத்தில்.

"அடியே கொமரி, இப்ப நீ குதிடி."

குதித்தேன். ஒரு கால்தான் போட்டில் விழுந்தது. படகுக்காரர் லைஃப் ஜாக்கெட்டின் பட்டியைப் பிடித்து, கொழுந்துச் சாக்கைத் தூக்குவது போல என்னை உள்ளே இழுத்துப் போட்டார். அந்தப் பெரிய அலை நாங்கள் நின்ற இடத்தை மூடி, கேத்தல் மூக்கு வழியாக உயரமாகப் பீய்ச்சியது.

போட் கரைக்குத் திரும்பியது. எங்கள் அம்மா அழுதுகொண்டேயிருந்தார். நான் பிழைத்ததற்காக என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். "டி போட்டுட்டியேடி" என்றார் அம்மா, காதுக்குள். வேனில் கணேஷ் முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டை மட்டும் பார்த்தார். கல்யாணம் முடிந்துவிட்டது, கல்யாணத்துக்கு முன்னாலேயே என்று நான் தீர்மானித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாக்கியம் கட்டிப் பார்த்தேன். எல்லாம் பாடப்புத்தகத் தமிழிலேயே வந்தது.

வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். மாமி வெறுங்காலோடு இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்தார். நான் தள்ளி, தூணோடு தூணாக நின்றேன்.

"அடியே" என்று கூப்பிட்டார்.

போனேன்.

"கெழவிக்குச் சீனி கம்மியாப் போடச் சொல்லு."

முதலில் சிரித்தது எங்கள் அப்பா. பிறகு அந்தக் கடையே எங்களைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் வீட்டில் வாக்குவாதம் உண்டு.

அதன்பிறகு மாமி என்னை 'நீங்க' என்று சொன்னதேயில்லை. போன் எடுத்தால் "கெழவி பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். என் மகள் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், அப்பாவின் அம்மா பெயர் கெழவி என்று எழுதிவைத்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் நானும் டீச்சர். ஸ்டாஃப் ரூமில் நான் பட்ட பாடு தனிக்கதை.

போன மழைக்காலத்தில் மாமி வழுக்கி விழுந்து, கரவனெல்லை ஆஸ்பத்திரியில் காலில் ஆபரேஷன் நடந்தது. எழுந்து நடந்தே ஆகவேண்டும் என்றார்கள். மாமி அசையவில்லை. நர்ஸ் அன்பாகச் சொன்னார், அதட்டிச் சொன்னார். கணேஷ் கெஞ்சினார். மாமி கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்த முகம் தெரியும்.

கட்டிலுக்குக் கிட்டப் போய், "எந்திரிடி கெழவி" என்றேன்.

வார்டு முழுவதும் என்னைப் பார்த்தது. நர்சுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும் போலிருக்கிறது. இவளை யாரிடம் பிடித்துக்கொடுக்கலாம் என்பது போல முறைத்தார். மாமி கண்ணைத் திறந்தார். போர்வையைத் தள்ளிவிட்டு, வலியோடு காலைக் கீழே வைத்து, நர்சின் தோளைப் பிடித்து எழுந்தார்.

"மகே லேலி" என்றார் அவரிடம் சிங்களத்தில், என்னைக் காட்டி. என் மருமகள்.