கூடத்துச் சுவரில் பதினொரு கடற்கரைகள்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். அங்கு நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். தங்கையை என் தலையில் கட்டிவிட்டவருக்கு என்ன குறை?

முப்பத்தொரு வருடம் ஆளில்லாத கரைகளில் கலங்கரை விளக்கத்தைக் காத்துவிட்டு, இனிக் கடலே கண்ணில் படக்கூடாது என்று வீடு திரும்பியவன் நான். போன வாரம் முடி வெட்டிக்கொண்டு வந்து பார்த்தால் கூடத்துச் சுவர் முழுக்கக் கடற்கரை! எல்லாம் உங்கள் தங்கையின் கைவரிசை. பழுப்பேறிய பழைய பயணப் படங்களாம், பெரிதாக்கி மாட்டினால் வீட்டுக்குத் தனி அழகாம், சட்டம் போடுகிற கடைக்காரரே சொன்னாராம். சட்டம் விற்கிறவர் வேறென்ன சொல்வார்? என் பணி ஓய்வுப் பாராட்டுப் பத்திரம் குளியலறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டது. படங்களாவது பார்க்கும்படி இருக்கிறதா என்றால், ஒன்றில் கடல் சாய்ந்து வழிகிறது, ஒன்றில் அரைத் தென்னைமரம், இன்னொன்றில் எடுத்தவனின் கட்டைவிரல். "எவனோ குடிகாரன் எடுத்ததைப் போய் மாட்டியிருக்கியே, கழட்டு"ன்னேன் மச்சான். "ஆணி அடிச்சாச்சு"ங்கிறா. சாப்பிட உட்கார்ந்தா எதிரே மணல், பேப்பரைப் பிரிச்சா தலைக்கு மேலே மணல், ஒண்ணுலயாவது மனுஷ வாடை உண்டா? "இந்தப் பாழாப்போன கரையை நாள் முழுக்க எவன் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பான்?"னு கத்தினேன். அதுக்குச் சிரிச்சா. நல்ல சிரிப்பு இல்லை அது.

ஆகவே, ஒன்று படங்கள் இறங்க வேண்டும், இல்லையென்றால் நான் பெட்டியோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து, அண்ணன் என்ற முறையில் அவளை நாலு வார்த்தை கண்டியுங்கள்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், சுவரில் ஆணி அடிக்காமல் வாழட்டும்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அந்தக் கட்டைவிரல் படத்தை நானே கழற்றினேன். சட்டத்துக்குப் பின்னால் கையகல மூலப்படம் செருகியிருந்தது. அதன் முதுகில் என் கையெழுத்து: 'இந்த வருடமும் விடுமுறை இல்லை. இதைப் பார்த்துக்கொண்டிரு.' தேதியைப் பார்த்தேன், மகள் பிறந்த வாரம். மற்ற பத்தையும் கழற்றினேன். நான் வீட்டுக்கு வராத ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று. கையகலத்தை மூன்றடிக்கு இழுத்தால் எடுத்தவனுக்கே எப்படி அடையாளம் தெரியும்? அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இத்தனை வருஷம் நான் பார்த்தேன். இனி நீங்க பாருங்க" என்றாள். நீங்கள் வர வேண்டாம். பதினொன்றையும் திரும்ப மாட்டிவிட்டேன்.