மாமனாரும் அன்னப்பறவைப் படகும்

மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க நினைக்கும் புது மாப்பிள்ளை, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டாலே போதும். எனக்கு அது வரவில்லை. (இன்றும் வரவில்லை என்கிறாள் மனைவி.)

நான் பூதப்பாண்டிக்காரன். வயலையும் ஆபீஸ் நாற்காலியையும் தவிர எதுவும் அறியாத குடும்பம். மனைவி ஷைனி முட்டத்துக்காரி. அவள் அப்பா வாழ்நாளெல்லாம் கடலில் மீன் பிடித்தவர். மூத்த மருமகன் வந்தால் வாய் நிறைய 'மக்கா' என்பார். நான் போனால் 'இரிங்க சார்.' எனக்கு வயிறு எரிந்தது. எப்படியாவது அந்த 'மக்கா'வை வாங்கிவிடவேண்டும் என்று, எங்கள் பக்கத்துக் குளக்கரைப் பூங்காவில் கூடாரம் வாடகைக்கு எடுத்து, மாமனார் மாமியாரைத் தங்க அழைத்தேன்.

முதல் கோளாறு மதியச் சாப்பாட்டில். அந்தக் குளத்துக் கெண்டையையே வாங்கி, மசாலா தடவி, நானே சுட்டு அவர் முன்னால் வைத்தேன். கடல்மீன்காரருக்குக் குளத்து மீனா என்று ஷைனி என் காலை மிதித்தபோது காரியம் மிஞ்சிவிட்டது. அவர் ஒரு துண்டை வாயில் வைத்து வெகுநேரம் மென்றார்.

"மண்ணு வாடை அடிக்கு சார்" என்றார், மரியாதையாக.

விட்டதைப் பிடிக்க, குளத்து நடுவிலிருக்கும் பழைய கல்மண்டபத்தைக் காட்டுகிறேன் என்று அன்னப்பறவை மாதிரி செய்த மிதிபடகில் அவரை ஏற்றினேன். பெண்கள் கரையிலேயே இருந்துகொண்டார்கள். படகில் எப்படி உட்காரவேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். (ஆமாம், அவருக்கு. லைஃப் ஜாக்கெட்டையும் நானே மாட்டிவிட்டேன்.) மண்டபத் தூணில் செதுக்கிய மீனைக் காட்டி, பாண்டியர் சின்னம் என்று நீளமாக ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் கூர்ந்து பார்த்துவிட்டு, சாளை மீன் மாதிரி இருக்கிறது என்றார்.

திரும்பும்போது குறுக்குவழி என்று தாமரைக்குள் விட்டேன். கொடி சுற்றிப் படகு நின்றுவிட்டது. மாமனாரைப் பார்த்தேன். கடலையே கண்டவர், ஏதாவது செய்வார்.

"என்னப் பாத்து என்ன செய்ய? கடல்ல தாமர கெடையாது."

எனக்கு நீச்சல் தெரியாது. உண்மையிலேயே பயந்துபோய், காப்பாற்றச் சொல்லி நான் போட்ட கூச்சலில் கொக்குகள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன. மாமியார் நிதானமாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குளத்தில் இறங்கி நடந்தே வந்தார். தண்ணீர் அவர் முழங்காலைத் தாண்டவில்லை. கொடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அன்னத்தின் கழுத்தைப் பிடித்து எங்களைச் சந்தைக்கு ஆட்டை இழுப்பதுபோல இழுத்துப் போனார். கரையோரம் அவசரமாக இறங்கிய நான் சேற்றில் குப்புற விழுந்தேன்.

மாமனார் படகு ஆடும் அளவுக்குச் சிரித்தார். பிறகு கை கொடுத்து, "எந்திரி மக்கா" என்றார்.

வாய் நிறையச் சேறு. ஆனாலும் அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அன்று கூடாரத்துக்குள் தூங்கும்வரை அவர் சிரிப்பு அடங்கவில்லை. இன்றும் அடங்கவில்லை. முட்டத்தில் யாராவது என்னைக் காட்டி, ஆள் யார் என்று கேட்டால் போதும்.

"எளைய மருமவன். குளத்துல பிடிச்சது. கொஞ்சம் மண்ணு வாடை அடிக்கும், வேற கொறயில்ல."