அளக்கும்போது சத்தம் போடாதீர்கள்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. கண் முன்னால் நடப்பதை நம்பாது. திரையில் எண் வந்தால்தான் நம்பும். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் மீட்டர் மாமா.

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கும் ஜெகதீஸ்வரன் இதற்கு அசல் மாதிரி. சென்னை மச்சானிடம் இரவல் வாங்கிய, கைக்கு அடக்கமான சத்த அதிர்வுமானி ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். அதோடுதான் டீக்கடைக்கும் போவார், கருமாதிக்கும் போவார். போன இடத்தில் எல்லாம் வகுப்பு.

"இந்த மைக்கு சத்தத்தக் கரண்டா மாத்தும். இந்த வில்லைய செவுத்துல ஒட்டினா, செவுரு எவ்ளோ ஆடுதுனு சொல்லும். ஏலத்துக்கு முன்னாடி எறா தனி, நண்டு தனினு பிரிக்கறோம் இல்ல? அந்த மாதிரி மெதுவா ஆடறது தனி, வேகமா ஆடறது தனினு உள்ளயே பிரிச்சிக் காட்டும்."

சொன்னது அத்தனையும் சரி. கெட்டிக்காரர்தான். அதுதானே கஷ்டம்?

அதே குப்பத்தில் ஜமுனாவின் வீட்டை ஒட்டி ஐஸ் கம்பெனி. அதன் கம்ப்ரசர் ஓடினால் அவள் வீட்டுச் சுவர் நடுங்கும், தட்டுகள் கிணுகிணுக்கும், விரிசல் இன்னும் கொஞ்சம் நீளும். அந்தச் சுவரோரம்தான் கைக்குழந்தையின் தூளி. ஆட்டம் அதிகமென்று தெரிந்தால் கம்ப்ரசரை மறுகோடிக்கு மாற்றுவதாகக் கம்பெனிக்காரர் ஊர்க்கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். அளக்கும் பொறுப்பு யாருக்கு? வேறு யாருக்கு!

வந்தார். வில்லையை மெழுகு வைத்து விரிசலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். காற்று இரையாமல் மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி மாட்டினார். டிவியை அணைக்கச் சொன்னார், நாயை விரட்டச் சொன்னார், கரையில் போட் இன்ஜினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவனைக் கையாட்டி நிறுத்தினார், அழுத குழந்தையைத் தெருக்கோடிக்குத் தூக்கிப் போகச் சொன்னார், கடைசியில் ஐஸ் கம்பெனி பக்கம் திரும்பி, "இன்னாப்பா, அளக்கறப்ப இந்தச் சத்தம்? கொஞ்சம் நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினார்கள். சந்தோஷமாகவே நிறுத்தினார்கள்.

"அண்ணே, ஆட்டறதே அதுதானே?" என்றாள் ஜமுனா.

"குறுக்க பேசாதம்மா. உன் பேச்சும் அதுல ஏறும்."

எண் வந்தது. அருமையான எண். கோயிலுக்குள்கூட அவ்வளவு அமைதி இருக்காது. சுவர் ஆடவே இல்லை என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. கம்ப்ரசர் அதே இடத்தில் மறுபடி ஓடியது. கூட்டத்தில் ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை என்கிறீர்களா? தோன்றியிருக்கும். எண்ணை எதிர்த்து யார் வாய் திறப்பது?

சில நாள் கழித்துச் சுவரிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து தூளிக்குள் விழுந்தது. குழந்தை அந்நேரம் ஜமுனாவின் இடுப்பில் இருந்ததால் பிழைத்தது. ஓடிப்போய் மீட்டர் மாமாவைக் கூட்டி வந்தாள். மனிதர் தூளியைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கியதை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"சார்ஜ் இல்லம்மா. நாளைக்கு அளந்து சொல்றேன். அதுவரைக்கும் விழலைனே வச்சிக்கோ."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் உடம்பு சுடுகிறது என்று வந்து நின்றபோது, நெற்றியில் கை வைத்தீர்களா, தெர்மாமீட்டரைத் தேடினீர்களா? அது ஒன்றுமில்லை என்று காட்டியதும் அவரைப் பாத்திரம் கழுவ அனுப்பினீர்களே, மாமா?