முதல் பக்கத்து வித்வான்

வாசிக்கத் தெரியாதவர்கள் உலகத்தில் ஏராளம். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்; அவர்களால் சில சமயம் தொந்தரவு உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஓர் இனம் இருக்கிறது. வாசிக்கத் தயாராகிக்கொண்டே இருப்பவர்கள். அவர்களில் ஒருவர் என் தலைக்கு மேலேயே, அதாவது மாடி வீட்டில், குடியிருக்கிறார். பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் உதவி மேலாளர். மாலை ஆறரைக்கு மேல் பியானோ மாணவர். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் முதல் பக்கத்து வித்வான். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

பியானோ வந்த வாரமே டேப்லெட்டும் வந்துவிட்டது. "காகிதத்தை வச்சுக்கிட்டு யார் சார் மல்லுக்கட்டறது? மின்விசிறி போட்டா பறக்குது, வெளிச்சம் பத்தலை, பக்கம் திருப்ப மூணாவது கை வேணும்" என்றார். நியாயம்தானே? டேப்லெட்டோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. ஒரு விரல் கனத்தில் ஒரு நூலகத்தையே தூக்கிக்கொண்டு நடக்கலாம். நம்மவர் நடக்கிறார். அதில் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பாடல்களின் இசைக்குறிப்பு இருக்கிறது. சுலபமானவை ஒரு கோப்புறையில், நடுத்தரம் ஒரு கோப்புறையில், 'அடுத்த வருடம்' என்று மூன்றாவது ஒரு கோப்புறை. அந்த மூன்றாவதுதான் பெரிது. அவருக்கு வாசிக்கத் தெரிந்த பாட்டு எத்தனை? ஒன்று. அதிலும் ஒரு பக்கம்.

ஆறரைக்கு உட்காருவார். திரையைத் துடைப்பார், வெளிச்சத்தைக் கூட்டுவார், கண் கூசுகிறதென்று குறைப்பார், நான்கு பக்கமும் விளிம்பை வெட்டி எழுத்தைப் பெரிதாக்குவார், வலக்கைக்குச் சிவப்பும் இடக்கைக்கு நீலமும் தீட்டுவார், நேற்றுத் தீட்டிய சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சாகத் தெரிகிறதென்று அழித்துவிட்டு மறுபடி தீட்டுவார், காலால் அழுத்திப் பக்கம் புரட்டும் புளூடூத் பெடலைத் தேடும்படி டேப்லெட்டுக்குச் சொல்லிவிட்டு அது கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மணி ஏழு. பிறகு வாசிப்பார். நன்றாகவே வாசிப்பார்! கீழே காய் நறுக்கும் என் கத்திகூட அந்தத் தாளத்துக்குத்தான் போகும். பக்கத்தின் கடைசி வரி வந்ததும் டக்கென்று நின்றுவிடும். என் கத்தியும் நிற்கும். மேலே பேச்சுக்குரல் கேட்கும். "அடடா, இந்த இடத்துல பச்சை போட்டிருக்கணும்."

சனிக்கிழமை வரும் பியானோ டீச்சர் பொறுமைசாலி.

"சார், இன்னிக்கு ரெண்டாவது பக்கம் பார்த்துடலாமா?"

"ஒரே நிமிஷம் டீச்சர், அப்டேட் வந்திருக்கு."

"நான் வேணா பிரிண்ட் எடுத்துட்டு வரட்டுமா?"

"ஐயையோ, அது எதுக்கு? முதல் பக்கம் முழுசா அமையட்டும் டீச்சர். அதுக்கு முன்னாடி ரெண்டாவதை எட்டிப் பார்க்கறதே தப்பு."

கொள்கை! மூன்று வருடமாக அந்தக் கொள்கையை அவர் மீறவில்லை.

இதில் உண்மையாகப் பாதிக்கப்பட்டவர் அவருடைய மனைவி. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பவர். ஒருநாள் படிக்கட்டில் என்னிடம் சொன்னார்: "அந்தப் பாட்டு தினமும் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுது. ஒரு நாளாவது உள்ள வராதா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கணவர் கேட்டபோது புடவை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. "அந்தப் பாட்டு எப்படி முடியுதுன்னு கேக்கணுங்க" என்றாராம்.

பிறந்தநாள் வந்தது. நானும் போயிருந்தேன். பெடலை நம்பக் கூடாதென்று வித்வான் அன்று காலையில்தான் ஒரு புதிய வசதியைக் கண்டுபிடித்திருந்தார்: தலையை லேசாக அசைத்தால் போதும், டேப்லெட் முகத்தைப் பார்த்துத் தானே பக்கத்தைப் புரட்டும். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். கை தட்டினோம். வாசிக்க ஆரம்பித்தார்.

நல்ல இசையைக் கேட்டால் நாம் என்ன செய்வோம்? தலையாட்டுவோம். அவரும் மனிதர்தானே! நான்காவது வரியில் தன் வாசிப்பில் தானே சொக்கிப்போய், ஆகா என்று தலையை ஆட்டினார். பக்கம் புரண்டது. 'இல்லை, இல்லை' என்று பதறித் தலையை ஆட்டினார். அது அடுத்ததற்குப் போயிற்று. ஆட்ட ஆட்டப் புரண்டு புரண்டு, கடைசியில் திரையில் வந்து நின்றது துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு.

"அத்தான், இப்ப அலசறீங்களா, பிழியறீங்களா?" என்றார் மைத்துனர். வீடே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் செட்டிங்ஸுக்குள் தலையைக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் எழுந்து உள்ளே போனார்.

கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் இரண்டு தாள். "டீச்சர்கிட்ட கேட்டு, ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு வச்சிருந்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு." டேப்லெட்டை எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டுத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். வித்வான் பழக்கதோஷத்தில் தாளின்மேல் இரண்டு விரலை வைத்து அகட்டிப் பார்த்தார். எழுத்து பெரிதாகவில்லை. வேறு வழியில்லாமல் வாசித்தார்.

வியர்த்து, தடுக்கி, பதினான்கு தப்போடு முதல் பக்கத்தைத் தாண்டினார். மூன்று வருடமாக எட்டிப் பார்க்காத இரண்டாவது பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? இரண்டு வரி. அதற்குக் கீழே முழுக்க வெள்ளை. அந்த இரண்டு வரியை மெதுவாக, ஒவ்வொரு விரலாகத் தேடித் தேடி வாசித்து முடித்தார்.

அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா? இதுக்கா மூணு வருஷம்? ஆனா நல்லா இருந்துதுங்க. இன்னொரு தடவை வாசிங்களேன்."

"இரு இரு" என்று எழுந்தார் வித்வான். "முதல்ல இதை டேப்லெட்ல ஸ்கேன் பண்ணிடறேன்."

சிரிக்கிறீர்களா? தாராளமாக. சிரித்து முடித்ததும், ஓடுவதற்கென்று வாங்கிய காலணி எந்தப் பெட்டியில் இருக்கிறது, வேறு மொழி கற்க இறக்கிய செயலி எந்தப் பாடத்தில் நிற்கிறது, 'பிறகு படிக்க' என்று சேமித்த கட்டுரைகள் எத்தனை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதைப் படிப்பதையே நடுவில் நிறுத்தி, எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போக இருந்தீர்கள்தானே?

போயிருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.
மிச்சம் இருந்தது இந்த இரண்டு வரிதான்.