ஹீத்ரோவுக்கு நான் கார் கொண்டு வராத காரணம்

ஸ்ட்ரெதம், லண்டன்
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் யேசுரட்ணம் பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லோருக்கும் உடம்பு சுகம். மனதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அக்காவின் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்த மாதம் நீங்களும் அக்காவும் வந்திறங்கும்போது நானே காரோடு ஹீத்ரோவில் நிற்பேன் என்று மூன்று தடவை போனில் சொன்னேன். நிற்கமாட்டேன். ஆறு மாதத்துக்குக் கார் ஓட்டக்கூடாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். பருத்தித்துறைக் கோர்ட்டில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த உங்களுக்கு இதை எழுதக் கை கூசுகிறது. இங்கே சட்டம் ஆளைப் பார்க்காது அத்தான் என்று உங்களுக்கே வகுப்பெடுத்தவன் நான். அது உண்மைதான். என்னையும் அது பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். விளைமீன் வந்திருக்கிறது, இரண்டே இரண்டுதான் மிச்சம் என்று மீன்கடைக்காரன் போன் எடுத்துச் சொன்னான். இருபது மைல் வேகத்தில் போகவேண்டிய ரோட்டில் நான் முப்பத்துநாலில் போயிருக்கிறேன், கமரா பிடித்துவிட்டது. மீனும் கிடைக்கவில்லை, அது வேறு கதை. ஏற்கெனவே இதே மாதிரி மூன்று தரம் பிடிபட்டு லைசென்ஸில் ஒன்பது பொயின்ற்ஸ் ஏறியிருந்தது, இன்னும் மூன்று ஏறினால் பன்னிரண்டு, பன்னிரண்டென்றால் லைசென்ஸ் பறிபோய் வீட்டில் இருக்கவேண்டியதுதான். கார் மகள் றூபினியின் பேரில் இருப்பதால், அன்றைக்கு ஓட்டியது யார் என்று கேட்டுக் கடிதம் அவளுக்குத்தான் வந்தது. அவள் இப்போது ஒரு சொலிசிற்றரிடம் சட்டப் பயிற்சியில் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் யோசித்தேன், என் மனுசி கோதையிடம் லைசென்ஸ் இருக்கிறது, அதில் ஒரு பொயின்ற் கூட இல்லை, எட்டு வருடமாக அது அலுமாரியில் சும்மா கிடக்கிறது, கொம்மாவின் பேரை எழுதிவிடு பிள்ளை என்று சொன்னேன். கோதை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "எழுதுறதெண்டால் எழுதுங்கோ. ஆனால் அந்த ரோட்டு எங்கை இருக்கெண்டு ஆராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது" என்றாள். றூபினியோ என் பேரை எழுதி, கையெழுத்து வைத்து, நடந்து போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தாள். பெற்ற தகப்பனைக் காட்டிக்கொடுத்தவள் என்று அன்றைக்கு நான் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

கேட்டுத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் லாம் என்று ஒருவர், ஹொங்கொங்கில் கோர்ட் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர், உங்களைப் போல. அடுத்தநாள் வேலியடியில் நான் முறையிட்டபோது, வெள்ளைக்காரன் சட்டத்தில் உண்மை சொல்வது கடமை, ஆனால் எங்கள் கன்பூசியஸ் தகப்பனின் குற்றத்தைப் பிள்ளை மூடிமறைப்பதுதான் நேர்மை என்று கருதியவர் என்றார். அத்தான், எனக்குச் சிறகு முளைத்தமாதிரி இருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னமே ஒரு பெரியவர் என் பக்கம் தீர்ப்பெழுதி வைத்திருக்கிறார். மனுசனைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்து, தேத்தண்ணி கொடுத்து, றூபினியை முன்னால் இருத்தி, அதை அப்படியே இவளுக்குச் சொல்லுங்கள் என்றேன். லாம் ஐயா சொன்னார். சொல்லிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளை தானாக மறைப்பதைப் பற்றித்தான் ஆசான் பேசினார், மறைக்கச் சொல்லி உத்தரவு போடும் தகப்பனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அப்படி ஒருவன் இருப்பான் என்று அவருக்குத் தோன்றியிராது என்றார். பிறகு பிஸ்கற் நல்லாயிருக்கிறது என்றும் சொன்னார்.

அவர் போன பிறகுதான் றூபினி வாயைத் திறந்தாள். பொய் எழுதினால் தன்னையும் அம்மாவையும் மறியலில் அடைக்கலாம், தன் வேலையும் அதோடு சரி என்றாள். அதைக்கூட நான் தாங்கியிருப்பேன். "நீங்கள் வேகமாய் ஓடினது எனக்கு வெக்கமில்லை அப்பா. அம்மான்ரை பேரைச் சொல்லேக்கை நீங்கள் அம்மாவைத் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. அதுதான்" என்றாள். நான் எழும்பிப் போய்க் குப்பைத் தொட்டியை வெளியில் வைத்தேன். அன்றைக்குக் குப்பை எடுக்கும் நாள் இல்லை.

கோர்ட்டில், கார் இல்லாவிட்டால் மனைவியை டொக்டரிடம் கொண்டுபோக ஏலாது என்று மன்றாடிப் பார்த்தேன். வீட்டில் வேறு யாருக்கும் லைசென்ஸ் இல்லையா என்று நீதவான் அம்மா தயவாகக் கேட்டா. இருக்கிறது, ஆனால் மகள் வேலைக்குப் போய்விடுவாள், என் மனைவி எட்டு வருடமாகக் காரைத் தொட்டதே இல்லை என்று என் வாயாலேயே சொன்னேன். சொல்லும்போதுதான், றூபினி மட்டும் நான் சொன்னபடி எழுதியிருந்தால் இதே கோர்ட்டில் கோதையை அல்லவா நிறுத்தியிருப்பேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசை வாங்கிலில் கோதை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பதினொரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஒருவரும் ஏசவில்லை, வெட்கமாயில்லையா என்று கேட்கவில்லை, நன்றி மிஸ்டர் யேசுரட்ணம், நீங்கள் போகலாம் என்றார்கள். யாராவது நாலு வார்த்தை ஏசியிருந்தால் மனப்பாரம் இறங்கியிருக்கும். பஸ்ஸில் வரும்போது கோதையிடம் மன்னிப்புக் கேட்டேன். நாற்பது வருடத்தில் முதல் தரம். "சரி, மணியை அடியுங்கோ, இறங்கிற இடம் வருது" என்றாள்.

ஆகவே நீங்கள் வரும்போது றூபினிதான் காரோடு நிற்பாள். அவளை வாழ்த்துங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் இருவரின் பயணத்துக்கும் ஆண்டவர் துணை நிற்க வேண்டுகிறேன்.

தலை குனிந்தபடி,
மைத்துனன் யேசுரட்ணம்

பி.கு.: ஒன்று விட்டுப்போனது. இங்கே சபையில் எல்லோரிடமும் எனக்குக் கண்ணில் வெண்படலம், டொக்டர் கார் ஓட்டவேண்டாம் என்று மறித்துவிட்டார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடியும் வாங்கிப் போட்டிருக்கிறேன். போன ஞாயிறு ஒரு அம்மா கையைப் பிடித்து என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டா, நானும் போனேன். நீங்கள் வந்து நிற்கும்போது யாராவது கேட்டால், ஓம், கண்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ. அக்காவுக்குப் பொய் வராது, அவவை முன்னுக்கு விடவேண்டாம். மைத்துனனுக்காக அத்தான் மறைக்கலாமா என்று லாம் ஐயாவிடம் கேட்க ஆசைதான். ஏன் கேட்கிறீர்கள் என்பார்.