ஓடுற முட்டி, தூக்குற முட்டி

சித்தெ கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம். ஆ, அப்படி. அடுப்படியில் என் சம்சாரம் முத்தாத்தாள் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறாள். கல்லில் மாவு விழுந்து சொர்ரென்று சத்தம் வரும்போது மட்டும் நான் பேசுவேன். சத்தம் நின்றால் நானும் நின்றுவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளுக்குக் காது அப்படி.

போன மார்கழியில் ஓடுவது என்று முடிவெடுத்தேன். வீட்டை விட்டு இல்லைங்க, அதற்கெல்லாம் தைரியம் வேணும். கோயமுத்தூரில் நடந்த பெரிய மாரத்தானில்.

எல்லாம் டீக்கடைக் கருப்புசாமியால் வந்தது. அதற்கு முந்தின வருசம் அவன் ஓடிவிட்டு ஒரு மெடல் கொண்டுவந்தான். கொண்டுவந்தவன் பெட்டியில் வைக்கலாமில்லையா? பாய்லருக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டான். கேரளாவுக்குள் எல்லையை ஒட்டின எங்கள் வடகரப்பதியில் டீ குடிக்கிற அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் குடிக்கணும். எனக்கு டீயே கசந்தது. சர்க்கரை ரெண்டு கரண்டி எச்சாப் போடச் சொன்னேன். அப்பவும் கசந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லித்தருகிற சிஜு மாஷ் ஓட்டக்காரர்களுக்கு ஒரு கிளப் வைத்திருந்தார். போய்ப் பேர் கொடுத்தேன். அரை மாரத்தான் என்றார். அரைதானே, சின்னதாக இருக்கும் என்று தலையாட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, இருபத்தொரு கிலோமீட்டர். பஸ்ஸில் போனாலே தூக்கம் வந்துவிடுகிற தூரம்.

அதில் ஒரு சிக்கல். ரெண்டு வருசமாக எனக்கு முட்டி வலி. இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். கறந்த பாலை வாய்க்கால் மேட்டோடு தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போகணும். அந்தத் தடத்தில் வண்டி போகாது. முட்டி வலி வந்த நாள் முதல் கேன் முத்தாத்தாள் தலைக்குப் போய்விட்டது. தூக்கித் தூக்கி அவளுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. இடது பக்கம் திரும்ப முடியாது. கூப்பிட்டால் ஆளோடு திரும்புவாள். பாவம்தான். ஆனால் காலைத் தூக்கம் இருக்கிறதே, அது ரொம்ப நல்ல சாமான்.

மாரத்தான் விசயத்தைச் சொன்னேன். அவள் ஆளோடு திரும்பினாள்.

"ஏனுங்க, முட்டி வலின்னீங்க?"

"ஓடுனா முட்டிக்கு நல்லதுன்னு மாஷ் சொன்னாரு புள்ள."

"அப்ப நாளைக்கிருந்து கேனு?"

"அய்யய்யோ! வெயிட்டு மட்டும் ஆகாது. ஓடுற முட்டி வேற, தூக்குற முட்டி வேற."

"அப்படிங்களா," என்றாள்.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் என்னைத் திட்டினபோதெல்லாம் நான் பயந்ததில்லை. 'அப்படிங்களா' என்றால்தான் உசாராக இருக்கணும். அன்றைக்கு நான் உசாராக இல்லை. சரி என்று சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மாரத்தானுக்கு முந்தின நாள் கிளம்பும்போது அவளும் வருகிறேன் என்றாள். கூட்டத்தில் உனக்குக் கழுத்து நோகும், மாட்டை யார் பார்ப்பது என்று அடக்கிவிட்டேன்.

இருட்டோடு இருட்டாக ஓட்டம் ஆரம்பித்தது. அடேங்கப்பா! ஊரே ஓடுகிறது. பாட்டுப் போடுகிறார்கள், கொட்டு அடிக்கிறார்கள். நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரிப் போனேன். கொஞ்ச தூரம்தான். அப்புறம் நெஞ்சு ஒரு பக்கம் ஓடுகிறது, கால் ஒரு பக்கம் நிற்கிறது. ஒரு கிழவர் என்னைத் தாண்டிப் போனார். தாண்டினாலும் பரவாயில்லை, போகிற போக்கில் "விட்டுறாதீங்க தம்பி" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

விட்டுவிட்டேன்.

பக்கத்துச் சந்தில் நுழைந்தால் ஒரு டவுன் பஸ் நிற்கிறது. ரோட்டை மறித்துவிட்டதால் சுற்றிப் போகிறதாம். ஓட்டம் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் போகும் என்றார்கள். ஏறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவ்வளவு கூட்டம்! முன்வாசலில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். கண்டக்டர் பின்னால் இருந்து கத்தினார்.

"யாருப்பா அது நம்பரோட நிக்கிறது? டிக்கெட் எடுங்க!"

எனக்குத் திக்கென்றது. டவுசரில் பை இல்லை. காசும் இல்லை. பஸ்ஸே என் நெஞ்சைப் பார்க்கிறது.

"எறங்குங்க பெருசு, ஓடிக்கிட்டே வாங்க," என்றது ஒரு குரல். சிரிப்பு.

அப்போது கண்டக்டர் சொன்னார்: "விடுங்க, விடுங்க. ஓட்டக்காரருக்கு டிக்கெட் ஆச்சு. பின்னால ஒரு அம்மா எடுத்துட்டாங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊர் பேர் தெரியாத ஒருத்தனுக்கு டிக்கெட் எடுக்க ஒரு மகராசி! திரும்பிப் பார்க்கவும் இடமில்லை. ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து, பின்பக்கமாகத் தலைக்கு மேலே தூக்கி ஒரு கும்பிடு போட்டேன். தாயே, நீ நல்லா இருக்கோணும் என்று மனசாரச் சொன்னேன்.

இறங்கி, ஒரு வேனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்தேன். தூரத்தில் கருப்புசாமி தலை தெரிந்தது. நாக்குத் தள்ளிக்கொண்டு வருகிறான். ஒரு பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு அவனுக்கு முன்னால் குதித்தேன். ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். மெடல் விழுந்தது கழுத்தில். பின்னாலேயே வந்த கருப்புசாமி முகத்தை நீங்கள் பார்த்திருக்கணும். மெடலை விட அதுதான் எனக்குப் பரிசு.

சத்தம் நின்னுருச்சு. சித்தெ இருங்க.

...ம். அடுத்த தோசை விழுந்தாச்சு. கேளுங்க.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பொழுதோட எங்கள் ஊர்ப் படிப்பகமான வாயனசாலையில் கூட்டம். ஓடினவர்கள் எல்லாரும் அனுபவம் சொல்லணும். வீட்டு ஆட்களும் வரணும் என்று மாஷ் உத்தரவு. டீ, பருப்பு வடை, ஒரு மைக்கு. முத்தாத்தாள் பெண்கள் வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஒரு கஷ்டம் இருந்தது. ஓட்டத்தில் தலையும் வாலும்தான் எனக்குத் தெரியும். நடுவில் என்ன இருந்தது என்று தெரியாது. அதனால் "நான் கடைசியாப் பேசறனுங்க" என்றேன். என்ன அடக்கம் என்று மாஷ் பாராட்டினார்.

முதலில் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை பார்க்கிற ராஜஸ்ரீ பேசினாள். பாதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம். யாரோ ஒரு குழந்தை ஆரஞ்சுச் சுளை கொடுத்ததாம். நான் மனசில் எடுத்து வைத்துக்கொண்டேன். கருப்புசாமி பேசினான். பாலத்துக்கிட்ட ஒரு கறுப்பு நாய் துரத்தியதாம். அதையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. எழுந்தேன். எல்லாவற்றையும் இறக்கினேன். ராஜஸ்ரீக்கு ஒரு கெண்டைக்கால் பிடித்தது என்றால் எனக்கு ரெண்டும் பிடித்தது. அவளுக்கு ஒரு சுளை என்றால் எனக்கு முழு ஆரஞ்சு. நாய்?

"நாயி என்னையுந்தான் தொரத்துச்சுங்க. நான் ஓடல. நின்னு ஒரு பார்வை பாத்தேன். அது வாலைச் சுருட்டிட்டுத் திரும்பிருச்சு."

"அதான் என்கிட்ட அத்தனை கோவமா வந்துச்சா?" என்றான் கருப்புசாமி.

கைதட்டல். அப்படியே உட்கார்ந்திருந்தால் நான் ராஜா. மாஷ் விட்டாரா? கம்ப்யூட்டரைத் திறந்து ஒவ்வொருவர் நேரத்தையும் சுவரில் வெளிச்சமாகக் காட்டினார். நம்பருக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருந்ததே, அது ஆள் எங்கெங்கே தாண்டினான் என்று எழுதிவைக்குமாம். எனக்கு யாருங்க சொன்னார்கள்? நான் அதை விலைச் சீட்டு என்று நினைத்தேன்.

என் பேர் வந்தது. ஆரம்பம் இருக்கிறது. முடிவு இருக்கிறது. நடுவில் வெறும் வெள்ளை.

"ஆறுச்சாமியேட்டா, எந்தா இது?" என்றார் மாஷ். "பாதி வழியில ஆளையே காணலையே?"

இப்போது எனக்கு நிஜமாகவே ரெண்டு கெண்டைக்காலும் பிடித்தன. கருப்புசாமி எழுந்தான். அவன் முகத்தில் பாய்லர் பற்றிக்கொண்ட மாதிரி ஒரு வெளிச்சம்.

"ஏப்பா ஆறுச்சாமி, நடுவால எங்கெ போயிருந்தே?"

அப்போது ஒரு குரல்.

"மெஷினு தப்புங்க மாஷே."

முத்தாத்தாள்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து நின்றுகொண்டிருக்கிறாள்.

"மெஷினுக்கென்ன தெரியும்? நான் என்ற கண்ணால பாத்தனுங்க. என்ற தங்கச்சிய மாட்டுக்கு வெச்சுப்போட்டு, மொத பஸ்ஸுக்கே கோயமுத்தூருக்கு வந்துட்டனுங்க. இவருக்குன்னு இட்டிலி கட்டிட்டு வந்தேன்."

கருப்புசாமி அவள் பக்கம் திரும்பினான்.

"நடுவால என்ற கண்ணு முன்னாலதானுங்க நின்னாரு. வேர்த்து ஊத்துது. கம்பியப் புடிச்சுட்டு நிக்கறாரு பாவம்."

"பாலத்துக் கம்பியா?" என்றான் கருப்புசாமி.

"கம்பிதானுங்க," என்றாள். "ஒரு அம்மா பாத்து எரக்கப்பட்டு ஒத்தாசை பண்ணுனாங்க. இவரு திரும்பிக்கூடப் பாக்கல. கைய மேல தூக்கி ஒரு கும்புடு போட்டாரு பாருங்க, எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு."

சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள். ஆளோடு திரும்பிப் பார்த்தாள். அவள் விரலிடுக்கில் ஒரு துண்டுச் சீட்டு. பஸ் டிக்கெட். வேறு யாருக்கும் தெரியாதபடி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரிப் பிடித்திருந்தாள்.

அய்யோ, அந்த மகராசி! மனசார வாழ்த்தினேனே!

"சேச்சி சொன்னா சரிதான். மெஷின் மிஸ்டேக்," என்று மாஷ் கம்ப்யூட்டரை மூடினார். கருப்புசாமி உட்கார்ந்தான். எனக்கு உயிர் பாதி திரும்பியது. மீதிப் பாதி திரும்புவதற்குள் அவள் மைக்கை வாங்கிவிட்டாள்.

"இன்னொரு விசயமுங்க. இவரு முட்டி நல்லாயிருச்சுங்க. எல்லாம் ஓட்டத்தோட மகிமை. நாளைக்கிருந்து பால் கேனை நானே தூக்கிட்டுப் போறேன், உன்ற கழுத்தக் காப்பாத்தோணும் புள்ளன்னு சொல்லிப்போட்டாரு. எல்லாருத்துக்கு முன்னாலயும் சொல்லோணும்னு நெனச்சாருங்க. வெக்கப்படறாரு."

பெண்கள் வரிசை மொத்தமும் கைதட்டியது. "வெயிட் டிரெயினிங்! கலக்கி ஏட்டா!" என்று மாஷ் குதித்தார். ராஜஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். இல்லை என்றால் டிக்கெட். ஆமாம் என்றால் கேன்.

"நீங்களே உங்க வாயால சொல்லுங்க," என்று மைக்கை நீட்டினாள்.

"ஆமாங்க," என்றேன். மைக்கில் அது கன்றுக்குட்டி கத்தின மாதிரிக் கேட்டது.

வீட்டுக்கு வருகிற வழியில் கேட்டேன்.

"ஏன் புள்ள, பஸ்ஸுலயே கூப்புட்டிருக்கலாமில்ல?"

"கூப்புட்டா? பஸ்ஸே உங்களப் பாத்துச் சிரிச்சிட்டிருந்துச்சு. அவங்களோட நானும் சேந்து சிரிக்கறதுங்களா?"

கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டேன்.

"இட்டிலி என்னாச்சு?"

"கண்டக்டருக்குக் குடுத்துட்டேன். பசியோட இருந்தாரு. நீங்கதான் முழு ஆரஞ்சு தின்னுருந்தீங்களே."

"சரி, அந்த டிக்கெட்டக் குடு. கிழிச்சுப் போட்டர்லாம்."

"ஆருங்க கிழிக்கறது? பொம்பளைகளுக்கு அந்த பஸ்ஸுல ஓசி. உங்களுக்குத்தான் காசு குடுத்து எடுத்தேன். என்ற சுருக்குப் பையிலயே இருக்கட்டும். கழுத்து நேராகட்டும், அப்புறம் பாக்கலாம்."

மறுநாள் கோழி கூப்பிடும்போதே எழுப்பிவிட்டாள். கேன் நிறையப் பால். கைப்பிடியில் ஏதோ மின்னியது. பார்த்தால் என் மெடல்! நாடாவோடு சேர்த்து இறுக்கமாகக் கட்டியிருக்கிறாள்.

"எதுக்கு புள்ள இது?"

"ஊரு பாக்கட்டுங்க. அந்தக் கருப்புசாமி மட்டும் கடையில மாட்டலாம், நாம மாட்டக்கூடாதா?"

எனக்கு மனசு குளிர்ந்துபோனது. என்ன இருந்தாலும் கட்டின பெண்டாட்டி. தோளில் கேனை வைத்தேன். நடந்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் மெடல் கேனில் அடித்தது. கிணிங், கிணிங். விடியற்காலை அமைதியில் அந்தச் சத்தம் வாய்க்கால் முழுக்கக் கேட்டது. கொஞ்சம் கம்பீரமாகவே இருந்தது.

வாய்க்கால் வளைவில் கருப்புசாமி கடை. டீ வாசம் மூக்கில் ஏறியது. ஒரே ஒரு டீ. குடித்துவிட்டு, கேனை எவனாவது சொசைட்டிக்குப் போகிறவன் தலையில் ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மெதுவாகக் கேனை இறக்கி வைத்தேன்.

கிணிங் நின்றது.

பின்னால் எங்கள் தொழுவத்துப் பக்கமிருந்து முத்தாத்தாளின் குரல் வந்தது.

"ஏனுங்க... மெஷினு நின்னு போச்சுங்களா?"