தனிச்சீட்டின் சரித்திரக்காரர்

உலகத்தில் சீட்டாடுகிறவர்கள் உண்டு, சீட்டில் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. எதிரில் ஆளே இல்லாமல் தனியாகச் சீட்டை விரித்துக்கொண்டு, அந்த ஆட்டம் பிறந்து வளர்ந்த சரித்திரத்தை, வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து நிறுத்திச் சொல்லும் இனம். எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? தையல்கடைக்குப் போங்கள். வெட்டுமேசையில் துணியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தையல்காரர் ஏழு வரிசை சீட்டுப் பரப்பியிருப்பார்.

இவருக்குப் பல்வலி வந்த வாரம், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் பல்வலியால் போருக்குப் போகாத ஒரு தளபதி. கரண்ட் போன அன்று, இருட்டுக் கோட்டையில் அடைபட்ட ஓர் அரசி. இருட்டில் சீட்டு எப்படித் தெரிந்தது? அதெல்லாம் கேட்கக் கூடாது. ஆதாரம்? "படிச்சிருக்கேன்." எதில்? "நிறைய இடத்துல."

போன வாரம் ஒரு சட்டையில் காலர் கோணிக்கொண்டது. வெட்டியவர் இவர். சட்டைக்காரர் கத்தியதும், "காலர்லாம் என் வீட்டுக்காரி வேலை சார்" என்று பக்கத்து மெஷினைக் கை காட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த அம்மா இவரிடம் பேசுவதில்லை. காஜா எடுக்கிறார், பட்டன் தைக்கிறார், சாப்பாட்டுத் தட்டை 'டங்'கென்று வைக்கிறார். வாய் மட்டும் திறப்பதில்லை. அந்தக் குரல் இல்லாமல் இவருக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் என்ன? சரித்திரக்காரருக்கு அது ஒன்றுதான் வராதே!

பேன்ட் வாங்க வந்த வாத்தியார் மாட்டினார்.

"சார், இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சது ஒரு மந்திரி. பாவம், அவன் பொண்டாட்டி காரணமே இல்லாம பேச்சை நிறுத்திட்டா..."

மெஷின் நின்றது. "காரணமே இல்லாமலா?"

அந்தக் குரல் கேட்ட சந்தோஷத்தில் இவருக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. ஆனாலும் சரித்திரத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? "அப்படித்தான் எழுதியிருக்கு."

"சார், காலரை வெட்டினது யாருன்னு எழுதியிருக்கான்னு கேளுங்க."

இவர் ஒரு சீட்டைப் புரட்டினார். மறுபடி கவிழ்த்தார். கழுத்தில் தொங்கிய டேப்பைத் திருகினார்.

"மந்திரிதான் வெட்டினான். பழியைத் தூக்கி அவ மேல போட்டுட்டான். தப்புதான்."

"மந்திரி எதுக்குய்யா காலர் வெட்டுறான்? என் பேன்ட் எங்க?" என்றார் வாத்தியார்.

அந்த அம்மா எழுந்து வந்து மேசையை எட்டிப் பார்த்தார். "கறுப்பு ஒன்பதைத் தூக்கிச் சிவப்புப் பத்துல வைங்க. காலையிலேர்ந்து பாக்குறேன், கண்ணு முன்னாடி இருக்கிறது தெரியல. இதுல வரலாறு வேற!"

வைத்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே ஒன்று யோசியுங்கள்: "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார்" என்று ஆரம்பித்து, அடுத்த அறைக்கும் கேட்கும்படி நீங்கள் கடைசியாக ஒரு கதை சொன்னீர்களே, அந்த ஒருத்தர் யார்?